நால்வர் வாழும் வாடகை வீடு: மனநோயுள்ள வீடற்றோரின் நீண்டகாலக் குடியிருப்பும் ஏற்காடு எழுப்பும் கேள்வியும்

1. கேள்வி

மனநோய் முற்றித் தெருவுக்கு வந்துவிட்ட ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மருந்து வேலை செய்கிறது. சில மாதங்களில் தெளிந்து ஊர்ப் பெயர் சொல்கிறார், பிள்ளைகளின் பெயர் சொல்கிறார். இப்படித் தெளிந்தவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவைக்க முடிகிறது. சிலரை முடிவதில்லை. வீடு என்று ஒன்றே இருக்காது. இருந்தாலும் வீட்டார் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் தான் அடிபட்ட அந்த வீட்டுக்குத் திரும்ப அவருக்கே மனம் வராது. இவர்கள் எங்கே போவது? நடைமுறையில் எங்கும் போவதில்லை. சேர்ந்த இடத்திலேயே தங்கிப்போகிறார்கள்.

இது ஒருசிலரின் கதை அன்று. ஹான்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வு 24 மாநிலங்களில் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்தது. அங்கே இருந்தவர்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தார்கள். அவர்களுள் பலருக்கு இனித் தேவைப்படுவது மருத்துவமனைக் கட்டில் இல்லை. தங்க ஓர் இடமும், பக்கத்தில் ஒரு துணையும் இருந்தால் போதும்.

அந்த இடம் சாதாரணத் தெருவில் உள்ள சாதாரண வாடகை வீடாக இருக்க முடியுமா, அதில் ஆயுள் முழுக்க வேண்டுமானாலும் இருக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதற்கான ஆதாரம் எவ்வளவு வலுவானது, அது பரவ விடாமல் எது தடுக்கிறது, சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு போன்ற சிற்றூரில் இதே யோசனையை வைத்துப் பார்த்தால் என்ன புலப்படுகிறது என்று அடுத்தடுத்த பகுதிகள் ஆராய்கின்றன. ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையில் நடக்கும் பேச்செல்லாம் சென்னையை வைத்தே நடக்கிறது. வீடு, வாடகை, வேலை, மருத்துவமனைத் தூரம் எல்லாமே வேறாக உள்ள ஓர் ஊரில் பொருத்திப் பார்க்கும்போதுதான் ஒரு திட்டத்தின் எலும்பு எது, சதை எது என்று தெரியும்.

2. குடும்பம் என்னும் அடித்தளம்

இந்திய மனநல மருத்துவம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கச் செய்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையம் குடும்பத்தாரில் ஒருவர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த சாரதா மேனன் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியபோதும் குடும்பமே அதன் முதல் கூட்டாளி. மேற்கே பெரும் மனநோய் மருத்துவமனைகளை எப்படி மூடுவது என்று திணறிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நோயாளியைக் கவனிக்க அம்மாவோ அண்ணியோ இருந்தார்கள்.

ஆனால் அம்மா இறந்துபோகிறார். அண்ணி தன் பிள்ளைகளை எண்ணிப் பயப்படுகிறார். குடும்பத்தை மையமாக வைத்த மருத்துவம், குடும்பம் இல்லாத ஆளுக்கு என்ன செய்வது என்று யோசித்ததில்லை. அவருக்கென்று எஞ்சியது காப்பகம்.

காப்பகம் எந்த எல்லைவரை போகும் என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவ்வூர்த் தர்காவைச் சுற்றியிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2002இல் அது பிறப்பித்த உத்தரவுகளுள் ஒன்று, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்பது. அந்த நேரத்துப் பதற்றத்தில் அது நியாயமான உத்தரவே. ஆயினும் மோசமான நிறுவனத்துக்கு மாற்று நல்ல நிறுவனம் என்ற சிந்தனைக்கு அப்பால் அது போகவில்லை.

இன்னொரு பழைய முயற்சியும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். மனநலம் பற்றிய விவாதங்களில் அதை யாரும் எடுப்பதில்லை. 1971இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது இரவலர் மறுவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொழுநோயால் வீடிழந்து கையேந்தி நின்றவர்களுக்காகச் செங்கல்பட்டுக்கு அருகே பரனூர் உள்ளிட்ட இடங்களில் அரசு மறுவாழ்வு இல்லங்கள் எழுந்தன. மாற்றுத்திறனும் வீடின்மையும் சேர்ந்த மக்களுக்கு ஆயுட்காலக் குடியிருப்பு தர வேண்டும் என்று தமிழ்நாடு அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிவெடுத்துச் செயல்பட்டது என்பதற்கு இது சாட்சி. அங்கே குடும்பங்கள் உருவாயின, தலைமுறைகள் வளர்ந்தன. ஊரிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட குடியிருப்பு என்ற முத்திரையும் கூடவே வளர்ந்தது. நிரந்தரம் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

3. ‘ஹோம் அகெய்ன்’ செய்தது

1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரண்டு இளம்பெண்கள் சென்னையில் ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் மனநோயோடு அலைந்த பெண்ணொருவரைச் சேர்க்க எந்த இடமும் முன்வராததே அதற்குத் தூண்டுதல். பின்னாளில் முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்னும் அதன் இடைத்தங்கல் மையம் எழுந்தது. தெருவிலிருந்து அழைத்து வருவது, சிகிச்சை தருவது, ஊரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விடுவது என்று வேலை நடந்தது. ரயிலேறி வடக்கே போய் வீட்டைத் தேடிச் சேர்த்த கதைகள் பத்திரிகைகளிலும் வந்தன.

சேர்க்க முடியாதவர்களின் கதை பத்திரிகைக்கு உகந்ததாக இல்லை. ஆண்டுக்காண்டு அவர்கள் எண்ணிக்கை கூடியது. நல்ல எண்ணத்தோடு கட்டிய இடைத்தங்கல் மையமும், போக இடமில்லாதவர்கள் தங்கத் தங்க, மெல்லக் காப்பகமாக மாறும். நல்லவர்கள் நடத்தினால் இது நடக்காது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை; நீண்ட வரிசையில் போட்ட கட்டிலும், மணியடித்தால் சாப்பாடும், பூட்டிய வாசலும் நடத்துபவரின் குணத்தைக் கேட்டு வருவதில்லை.

2015இல் பேன்யன் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் இந்தத் தேக்கத்துக்கான விடை. அதன் அமைப்பு எளியது. கிராமத்திலோ நகரத்திலோ ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். அதில் நான்கைந்து பேர் குடியேறுவார்கள். யாரோடு யார் என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். உதவியாளர் ஒருவர் தேவைக்கேற்ப உடன் தங்குவார், அல்லது வந்துபோவார். பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண்களே உதவியாளர்கள். மனநலப் படிப்பு படித்திருக்க வேண்டியதில்லை, பயிற்சி தருவார்கள். மருத்துவமும் மருந்தும் வெளியிலிருந்து வரும். என்ன சமைப்பது, எப்போது எழுவது, கோவிலுக்குப் போவதா வேண்டாமா, கடைக்கு யார் போவது என்பதெல்லாம் வீட்டுக்குள் முடிவாகும். சென்னைக்குத் தெற்கே கோவளம் வட்டாரத்தில் வேரூன்றிய இந்த முறை கேரளம், அஸ்ஸாம், மகாராஷ்டிரம் என்று பரவியது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021 ஜூனில் சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. ஆதரவுடன் கூடிய குடியிருப்பு என்ற பகுதியில் அது எடுத்துக்காட்டிய திட்டங்கள் நான்கே. ஜார்ஜியாவிலிருந்து ஒன்று, பிரிட்டனிலிருந்து இரண்டு. நான்காவது சென்னையின் ‘ஹோம் அகெய்ன்’.

4. ஆதாரத்தின் எடை

சர்வதேசப் பாராட்டு வேறு, ஆதாரம் வேறு. இந்தத் துறையில் மிக வலுவான ஆதாரம் கனடாவிலிருந்து வருகிறது. 1992இல் சாம் செம்பெரிஸ் நியூயார்க்கில் ‘முதலில் வீடு’ என்ற கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, ஒழுங்காக இரு, அப்புறம் வீடு தருகிறோம் என்ற வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். முதலில் வீட்டுச் சாவி. மற்றதெல்லாம் அவர் விருப்பப்படி பிறகு. இதைச் சோதிக்க 2009 முதல் 2013 வரை கனடாவின் ஐந்து நகரங்களில் மனநோயுள்ள வீடற்றோர் சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். வீடு தரப்பட்டவர்கள் ஆய்வுக் காலத்தில் 73 விழுக்காட்டு நாள்களை நிலையான வீட்டில் கழித்தார்கள். வழக்கமான சேவை பெற்றவர்களுக்கு அது 32 விழுக்காடு. தகுதி பெற்ற பின்பே வீடு என்ற வாதம் அத்தோடு ஆட்டம் கண்டது.

அந்த அளவில் குலுக்கல் முறை ஆய்வு இந்தியாவில் நடந்ததில்லை. ‘ஹோம் அகெய்ன்’ குறித்து வெளிவந்தவை பெரும்பாலும் அத்திட்டத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் எழுதியவை. அதனாலேயே அவற்றைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் எதை அவை காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தில் நீண்டகாலம் இருந்தவர்கள் வீட்டுக்கு மாறியபின் அக்கம்பக்கத்தோடு கலந்து பழகுவது கூடுகிறது என்பது அவற்றின் முதன்மையான கண்டறிதல். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி செலவையும் ஒப்பிட்டது. ஒருவருக்கு மாதந்தோறும் ஆகும் செலவு அரசு மனநல மருத்துவமனையில் ஆவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்றது. இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மருத்துவமனைச் செலவில் கடும் நோய்நிலையில் உள்ளவர்களுக்கான செலவும் அடக்கம். வீட்டில் இருப்பவர்கள் தெளிந்தவர்கள். உதவியாளருக்குக் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குத் திட்டம் மலிவாகத் தோன்றும் என்பதையும் மறக்கக் கூடாது. மலிவு என்ற காரணத்துக்காக ஏற்கப்படும் திட்டம், மலிவாகவே இருக்க வேண்டும் என்ற நெருக்கடிக்கும் ஆளாகும்.

நியூயார்க் முறைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே ஒருவருக்கு ஒரு குடியிருப்பு. இங்கே நால்வர் சேர்ந்த வீடு. பணம் போதாததால் இப்படி என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. தனியாக வாழும் பெண்ணைத் தமிழ்ச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதும், தனிமையே நோயைக் கூட்டும் என்ற அனுபவமும் மறு பாதி. ஆனாலும் தனியாக இருக்க விரும்பும் ஒருவருக்கு இந்தத் திட்டத்தில் என்ன இடம் என்ற கேள்வி எஞ்சுகிறது. பிரிட்டனின் கீரிங் அமைப்பு வேறொரு வழி பிடித்தது. உறுப்பினர்கள் தனித்தனி வீடுகளில், ஒருவருக்கொருவர் நடந்துபோகும் தூரத்தில் வாழ்கிறார்கள். தொண்டர் ஒருவரும் அதே பகுதியில் வசிக்கிறார். பெருநகர வாடகையில் இங்கே அது கனவு. சிறிய ஊரில் அப்படி இருக்க வேண்டியதில்லை.

5. வீடா, நிறுவனமா?

சட்டம் இந்தக் குடியிருப்பின் பக்கம்தான் நிற்கிறது, பெரும்பாலும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் யாரையும் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் போன்றவற்றை அரசு அமைக்கவோ ஆதரிக்கவோ வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் கூறும் இதையே பேசுகிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை.

உரிமையைச் சொல்லிவிட்ட சட்டம் வரையறையில் வந்து இடறுகிறது. மனநோயுள்ளவர்கள் பராமரிப்புக்காகவோ மறுவாழ்வுக்காகவோ தங்கவைக்கப்படும் எந்த இடமும் ‘மனநல நிறுவனம்’. பதிவு செய்யாமல் அதை நடத்தக் கூடாது என்று 65ஆம் பிரிவு சொல்கிறது. விலக்கு ஒன்றுதான். ஒருவர் தம் உறவினர்களோடோ நண்பர்களோடோ வசிக்கும் குடும்ப இல்லம் இந்த வரையறைக்குள் வராது.

வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் நால்வரும் நண்பர்களா? ஒரே வார்டில் பத்தாண்டு இருந்தவர்கள், சேர்ந்து வாழ ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்கள், ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். நண்பர்கள் இல்லையென்றால் வேறு யார்? ஆனால் வாடகையைத் தொண்டு நிறுவனம் கட்டுகிறது, உதவியாளருக்குச் சம்பளம் அதுவே தருகிறது, கணக்குப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி இதை நிறுவனம் என்று எழுதினாலும் குறை சொல்ல முடியாது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பதிவு வேண்டாம் என்போர், பதிவேடும் பார்வையாளர் நேரமும் அறிவிப்புப் பலகையும் தீயணைப்புச் சான்றும் வந்து சேர்ந்தால் அது மறுபடியும் சிறு மருத்துவமனையாகிவிடும் என்கிறார்கள். வேண்டும் என்போர் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள்: ஏர்வாடி. அங்கிருந்தவையும் யாரும் எட்டிப் பார்க்காத இடங்கள்தாம். ‘குழு இல்லம்’ என்று பெயரிட்டுக்கொண்டு இருபது பேரை அடைக்க நாளையே ஒருவர் வரலாம். அந்தப் பயம் கற்பனையன்று. உச்ச நீதிமன்றத்தில் கௌரவ் குமார் பன்சல் நடத்திய வழக்கில், இடைநிலை இல்லங்களை அமைக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிடப்பட்டது. 2021இல் மகாராஷ்டிரத்தில் குணமடைந்தவர்களை இரவலர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றுவது தெரியவந்து, அது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்று நீதிமன்றம் கண்டித்தது. பலகையை மாற்றி எழுதுவது இந்த நாட்டில் எளிய காரியம்.

இங்கிலாந்து இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. ஆதரவுடன் கூடிய குடியிருப்பில் வாடகை ஒப்பந்தம் ஒன்று, பராமரிப்புச் சேவை இன்னொன்று. தரக் கண்காணிப்பு ஆணையம் தனிநபர் பராமரிப்பை வழங்கும் அமைப்பைப் பதிவு செய்து ஆய்வு செய்கிறது. வீட்டைப் பதிவு செய்வதில்லை. பராமரிப்பு சரியில்லை என்றால் சேவையாளரை மாற்றலாம். அதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கும் இதுவே பொருத்தமான பாதை என்று இக்கட்டுரை கருதுகிறது. சேவையை அரசு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கட்டும். வாசற்கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரட்டும்.

6. ஏற்காட்டில் வைத்துப் பார்த்தால்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் எஸ்டேட்டுகளும் அவற்றின் பின்னே விடுதிப் பள்ளிகளும் வந்தன: சேக்ரட் ஹார்ட் 1894, மான்ட்ஃபோர்ட் 1917. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்துப் போவது நூறாண்டுக்கும் மேலாக இந்த ஊரின் வாடிக்கை. வெளியாள் என்றால் புருவம் உயர்த்தும் ஊர் இல்லை இது.

தலைக்கு மேல் கூரை என்று பார்த்தால் மலையில் மூன்று வகை. முதலாவது எஸ்டேட் லைன் வீடு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான், ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. கை கால் விழுந்தோ மனம் பேதலித்தோ வேலைக்குப் போக முடியாமல் ஆன ஆள், வீட்டில் வேறு யாரும் அதே தோட்டத்தில் வேலை பார்க்கவில்லையென்றால், கூரையையும் சேர்த்தே இழக்கிறார். ஊனம் எப்படி வீடின்மையாக மாறுகிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான ஏற்பாடு வேண்டாம். மலைத்தோட்டத்தில் வேலை, கூரை, கடைக் கணக்கு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை.

இரண்டாவது, மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இதுவும் சேந்தமங்கலமும்தான். அந்த ஊர்களில் வீடு என்பது நிலத்தோடும் வகையறாவோடும் சேர்ந்தது. அங்கே வாடகைக்கு வீடு தேடுவது பொருந்தாது. ஆனால் அந்த ஊரில் பிறந்த ஒருவர் நோயினால் கீழே போய்த் தொலைந்து திரும்பி வந்தால், உறவு மறுத்தாலும் ஊர் மறுக்காமல் இருக்க வாய்ப்புண்டு. உதவியாளர் ஒருவரை அங்கேயே அமர்த்துவது புது வீடு பார்ப்பதைவிடப் பலன் தரலாம்.

மூன்றாவது, ஏரியைச் சுற்றிய பஜார் பகுதியின் வாடகை வீடு. இங்கேதான் போட்டி. மே மாதக் கோடை விழாவுக்கும் வார விடுமுறைக்கும் கார்கள் வரிசைகட்டும் ஊரில், இரண்டு அறை வீட்டை மாத வாடகைக்கு விடுவதைவிடக் காட்டேஜ் என்று எழுதி நாள் வாடகைக்கு விடுவது லாபம். மனநோயிலிருந்து மீண்ட நால்வர் என்று கேட்டதும் வீட்டுக்காரர் தயங்குவதற்கு அச்சம் ஒன்றே காரணம் என்று விழிப்புணர்வுப் பிரசுரங்கள் சொல்லும். சனிக்கிழமை வருமானமும் ஒரு காரணம். அதைப் பிரசுரம் தீர்க்காது; ஓராண்டு வாடகைக்கு யாராவது உத்தரவாதம் தந்தால் தீரும்.

மருத்துவத் தூரம் அடுத்த சிக்கல். மனநல மருத்துவப் பிரிவு சேலத்தில், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை மருந்து வாங்கக் கீழே இறங்கி ஏறுவது, உடன் போகிறவருக்கும் சேர்த்து, ஒரு நாள் கூலி. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மறித்தால் அதுவும் இல்லை. சென்னை முறையில் இல்லாத ஒரு செலவு இங்கே கட்டாயம் சேரும்: மருந்து மேலே வர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்களோடு இந்த வீடுகளை இணைக்காமல் மலையில் எதுவும் நிற்காது.

வேலை விஷயத்தில் மலை கைகொடுக்கும். பனிக்காலத்துக் காப்பிப் பழப் பறிப்பு, காயவைத்தல், மிளகு உதிர்த்தல், நாற்றங்கால் என்று விட்டுவிட்டுச் செய்யக்கூடிய பணிகள் இருக்கின்றன. காலையில் மருந்து மயக்கம் தெளியத் தாமதமாகும் ஒருவருக்கு மதியம் தொடங்கும் வேலை கிடைப்பது பெரிய விஷயம். ஒரு நிபந்தனை உண்டு. ‘தொழில் சிகிச்சை’ என்ற பெயரில் மனநோயாளிகளிடம் கூலியில்லாமல் வேலை வாங்கிய வரலாறு உலகெங்கும் நிறுவனங்களுக்கு உண்டு. பக்கத்து வரிசைப் பெண்ணுக்கு என்ன கூலியோ அதுவே இவருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மலையின் அழகில் இருக்கிறது. மலைக்காற்று உடம்பைத் தேற்றும் என்ற நம்பிக்கையில்தான் வெள்ளையர்கள் மலைவாசத்தலங்களையே உருவாக்கினார்கள். அந்த நம்பிக்கை நம்மிடமும் குடியேறிவிட்டது. ஏற்காட்டில் மனநோயுள்ள வீடற்றோருக்கு ஏதாவது செய்யலாம் என்று நாளை ஒரு கொடையாளர் முன்வந்தால், அவர் மனத்தில் முதலில் எழும் சித்திரம் பஜாரில் இரண்டு வாடகை வீடாக இருக்காது. ஊரைவிட்டுத் தள்ளி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பத்து ஏக்கரில், தியான மண்டபத்தோடு ஒரு வளாகமாகவே இருக்கும். திறப்பு விழாப் படமும் நன்றாக வரும். அங்கே போய்ச் சேர்பவர் டீக்கடைக்கு நடந்துபோக முடியாது. ரேஷன் கடை வரிசையில் நிற்க மாட்டார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பரனூர் மறுபடியும், கொஞ்சம் குளிரோடு. மலையில் வேண்டியது பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்து வீடு; பகோடா பாயின்ட் காட்சி வேண்டியதில்லை.

எண்ணிக்கையும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடத் திட்டம் லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் ஏற்காடு எப்போதும் வராது. வராத ஊரின் ஆள் சேலத்துக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போகிறார், போனவர் அங்கேயே ஆண்டுகளைக் கழிக்கிறார். மலைக்கு இரண்டோ மூன்றோ வீடு இருந்தால், மலையில் வாழ்ந்தவர் மலையிலேயே முதுமையடையலாம்.

7. பணமும் பத்திரமும்

அரசுப் பணம் இப்போது எப்படிப் பாய்கிறது? 2018 முதல் தேனி, புதுக்கோட்டை உள்ளிட்ட சில மாவட்டங்களில் தேசிய நலவாழ்வுக் குழுமம் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து, அலைந்து திரியும் மனநோயாளர்களுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அது நுழைவாயில். வெளியேறும் வாசல் குறித்த பணம் தனியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இல்லங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. அந்த மானியம் தலையெண்ணிக்கையைப் பார்க்கிறது. ஓரிடத்தில் நிறையப் பேர் இருந்தால் நடத்துவது எளிது, நால்வராகப் பிரித்தால் கடினம். காப்பகத்தை ஊக்குவிக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. கணக்கிடும் முறையே அதைச் செய்கிறது.

ஆயுட்காலக் குடியிருப்பு என்று வெளிப்படையாகப் பேசும் நடுவண் திட்டம் ஒன்று உண்டு, தேசிய அறக்கட்டளையின் ‘கரௌந்தா’. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கு மட்டும். மனநோய் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ மனநோயை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்கிறது. வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கென்று 37ஆம் பிரிவில் வைக்கிறது. அதை வாங்கப் போனால் மனை கேட்பார்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது, சொந்த மனை இருப்பவர்களுக்கு. வீடற்றவரிடம் மனைப் பட்டா கேட்கும் வீட்டுத் திட்டத்தை என்ன சொல்வது!

இன்றைய நிலையில் ஒரு வழி ஓரளவு திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். நால்வருக்குச் சேர்த்து 6,000. ரேஷன் அரிசி இலவசம். சிற்றூரில் ஒரு வீட்டு வாடகையின் பெரும்பகுதிக்கோ சாப்பாட்டுச் செலவுக்கோ இது ஈடு கொடுக்கும்; இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. உதவியாளரின் சம்பளத்தை அரசு ஏற்று, வாடகையில் ஒரு பங்கைத் துறை நேரடியாகத் தந்தால் கணக்கு ஒத்துவரும். ஆனால் ஓய்வூதியத்துக்கும் ரேஷனுக்கும் முகவரி வேண்டும். நிறுவனத்தின் முகவரியில் ஐம்பது பேரைப் பதிவு செய்வதற்கும், ஒரு தெருவின் கதவு எண்ணில் நால்வரைப் பதிவு செய்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் காசாக மாறுகிறது.

ஆகவே வாடகைப் பத்திரத்துக்கு வர வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் போட்டால் வீட்டுக்காரருக்கு நிம்மதி, வாடகை தவறாது. ஆனால் நிறுவனத்துக்கு நிதி நின்றாலோ, குடியிருப்பவரோடு அதற்கு மனக்கசப்பு வந்தாலோ, நால்வரும் ஒரே மாதத்தில் வீடற்றோர் ஆகிவிடுவார்கள். தங்கள் பெயரிலேயே ஒப்பந்தம் இருந்தால், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் காப்பு அவர்களுக்கு நேரடியாகக் கிடைக்கும். உறவில்லாத நால்வர் சேர்ந்து வாடகைதாரராக இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. மனநோயுள்ளவர் கையெழுத்து செல்லுமா என்று பத்திரம் எழுதுபவர் கேட்பார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மற்றவர்களுக்கு இணையான சட்டத் தகுதியை மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதிசெய்கிறது. அதற்கும் முன்பே, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மனம் பிறழும் இயல்புள்ள ஒருவர் தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று எழுதிவைத்திருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம் அது.